புல்லட்டின் 38 பல்

தாம்பரம் பக்கம் "செயின்" என்று சொன்னால் பலருக்குக் கை தானாகக் கழுத்துக்குப் போகும். அது செய்தித்தாளில் வரும் செயின். இந்தக் கட்டுரையில் வருவது வேறு செயின். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுற்றி ஓடி, வெயிலில் காய்ந்து, மழையில் துருப்பிடித்து, ஜி.எஸ்.டி. சாலையின் புழுதி மொத்தத்தையும் தின்று, கடைசியில் "கடகட" என்று சத்தம் வந்த பிறகே கவனிக்கப்படும் செயின்.

அந்தச் செயினுக்கு முன்னால் ஒரு சின்னப் பல் சக்கரம், பின்னால் ஒரு பெரிய பல் சக்கரம். மெக்கானிக் பாஷையில் ஸ்பிராக்கெட். முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல் என்பதுதான் வண்டி இழுக்குமா, ஓடுமா, பெட்ரோல் குடிக்குமா என்பதைப் பெருமளவு முடிவு செய்கிறது. அந்த எண்ணிக்கையை யார் முடிவு செய்வது? கம்பெனியா, ஓட்டுபவரா? மெட்ராஸில் பிறந்த புல்லட் இந்தக் கேள்விக்கு ஒரு விசித்திரமான பதிலை வைத்திருந்தது. பின்பக்க எண்ணை அசைக்கவே முடியாதபடி வார்த்துவிட்டது. முன்பக்க எண்ணை மாற்ற அனுமதி உண்டு, ஆனால் பாதி வண்டியைப் பிரித்தால்தான் கை எட்டும்! ஏன் அப்படி, அதனால் என்னென்ன நடந்தது என்பது கொஞ்சம் நீளமான கதை.

முதலில் கணக்கு. பழைய இந்திய புல்லட் 350-இல் பின்னால் 38 பல், முன்னால் பொதுவாக 16 பல். 38-ஐ 16-ஆல் வகுத்தால் 2.375. அதாவது கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு 2.375 முறை சுற்றினால்தான் பின்சக்கரம் ஒரு முறை சுற்றும். முன்னால் 17 பல் போட்டால் இது 2.235 ஆகிறது. 18 போட்டால் 2.111. எண் குறையக் குறைய, அதே வேகத்துக்கு இஞ்சின் குறைவாகச் சுற்றினால் போதும். 16 பல்லில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்றால், 17 பல்லில் அதே வேகத்துக்கு சுமார் 2820 சுற்று போதும். சத்தம் குறையும், அதிர்வு குறையும், நீண்ட தூரம் போனால் கை மரத்துப் போகாது. ஆனால் இழுவை அதே 6 சதவீதம் குறையும். சும்மா எதுவும் கிடைக்காது, ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம். முன்னால் ஒரு பல் கூட்டுவது சின்ன விஷயம் போலத் தெரியும். பின்னால் அதே விளைவைக் கொண்டுவர வேண்டுமானால் 38-லிருந்து இரண்டு பல்லுக்கும் மேல் குறைக்க வேண்டும். முன் சக்கரம் சின்னது, அதனால் அங்கே ஒவ்வொரு பல்லுக்கும் கனம் அதிகம்.

இனி செயினின் பூர்வீகம். சங்கிலியைப் பல் சக்கரத்தில் ஓட விடலாம் என்ற யோசனை புதிதல்ல. லியனார்டோ டா வின்சியின் மாட்ரிட் கையேட்டில் (மாட்ரிட்தான், மெட்ராஸ் அல்ல) இன்றைய சைக்கிள் செயினை நினைவூட்டும் படங்கள் இருக்கின்றன. ஆனால் படம் வரைவது வேறு, தேயாமல் ஓட வைப்பது வேறு. பழைய சங்கிலிகளில் குறுக்குக் கம்பி மெல்லிய தகட்டின் ஓட்டையிலேயே நேரடியாக உராயும். தகடு கத்தி மாதிரி கம்பியை அறுத்துவிடும். 1880-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த ஹான்ஸ் ரெனால்ட் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் இதற்கு வழி கண்டார். கம்பிக்கு மேல் ஒரு சின்னக் குழாய், அதாவது புஷ். அதற்கு மேல் சுழலும் இன்னொரு குழாய், அதாவது ரோலர். பாரம் இப்போது தகட்டின் விளிம்பில் விழாமல் புஷ்ஷின் முழு அகலத்திலும் பரவியது. பல்லின் மேல் ரோலர் உருண்டது, உராயவில்லை. அவ்வளவுதான். இன்று தாம்பரத்தில் எந்த மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் குனிந்து பார்த்தாலும் தெரிவது கிட்டத்தட்ட அதே 1880 அமைப்புதான்.

ஐந்து வருடம் கழித்து, 1885-இல், ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் செயினைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய் இன்றைய சைக்கிளின் வடிவத்தைக் கொடுத்தது. மோட்டார் சைக்கிள்கள் அதற்குப் பிறகு வந்தவை என்றாலும், ஆரம்ப காலத்தில் நிறைய வண்டிகள் தோல் பெல்ட்டில்தான் ஓடின. பெல்ட் மழையில் வழுக்கும். வழுக்காத செயினுக்கு வேறு பிரச்சினை. ஒற்றை சிலிண்டர் இஞ்சின் கொடுக்கும் ஒவ்வொரு உதையையும் அது அப்படியே பின்சக்கரத்துக்குக் கடத்தும். செயினும் பாவம், பல்லும் பாவம். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு 1910-களில் இதற்கு ஒரு தீர்வைப் பிரபலமாக்கியது. பின்சக்கரத்துக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவில் ரப்பர் கட்டைகளை வைத்து உதையை வாங்கிக்கொள்ளும் "குஷ் டிரைவ்". நாற்பது வருடம் கழித்து மெட்ராஸுக்கு வந்த புல்லட்டிலும் அந்த ரப்பர் இருந்தது.

மெட்ராஸுக்கு வந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகப் பார்த்தால் போதும். 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1957-இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, எதை இறக்குமதி செய்தாலும் அரசாங்கம் கணக்குக் கேட்ட காலம். பாகங்கள் ஒவ்வொன்றாக உள்ளூர்த் தயாரிப்பாக மாறி, 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே செய்யப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு மூடப்பட்டது. தாய் போய்விட்டது, திருவொற்றியூரில் பிள்ளை அதே உருவத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அதே வருடங்களில் நகரத்தின் மேற்கே அம்பத்தூரில் இன்னொரு கதை. முருகப்பா குழுமம் 1949-இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியிருந்தது. சைக்கிள் செய்தால் செயின் வேண்டுமே! 1960-இல் அமெரிக்காவின் டயமண்ட் செயின் கம்பெனியுடன் சேர்ந்து டி.ஐ. டயமண்ட் செயின் உருவானது. இந்த இண்டியானாபோலிஸ் கம்பெனிக்கு ஒரு பெருமை உண்டு. 1903-இல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் இஞ்சினையும் விசிறிகளையும் இணைத்த செயின் இவர்களுடைய முன்னோடிக் கம்பெனி செய்தது. சைக்கிள் கடை வைத்திருந்த சகோதரர்கள், விமானத்துக்கும் சைக்கிள் கணக்கையே போட்டார்கள். இஞ்சின் பக்கம் 8 பல், விசிறிப் பக்கம் 23 பல். இரண்டு விசிறியும் எதிரெதிராகச் சுற்றுவதற்காக ஒரு பக்கச் செயினை எட்டு மாதிரி முறுக்கிப் போட்டார்கள். எந்த இழுவைக்கு எத்தனை பல் என்று தலையைச் சொறிந்தவர்கள் வரிசையில் அவர்கள் பெயரும் உண்டு.

அம்பத்தூரைத் தவிர, கோவையில் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனம். 1937-இல் பஸ், லாரி ஓட்டும் தொழிலில் தொடங்கியவர்கள் பிறகு செயின் தயாரிப்பில் இறங்கினார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "ரோலான்" என்று எழுதிய டப்பா இவர்களுடையது. ஆக, நாடு முழுக்க ஓடும் மோட்டார் சைக்கிள் செயின்களில் பெரும் பங்கு தமிழ்நாட்டிலிருந்து போகிறது. சிவகாசிப் பட்டாசு, திருப்பூர் பனியன் அளவுக்கு இது யாருடைய வாயிலும் வருவதில்லை.

இப்போது தலைப்புக்கு. பெரும்பாலான வண்டிகளில் பின் ஸ்பிராக்கெட் ஒரு தனித் தட்டு. நாலைந்து போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பழைய புல்லட்டில் அப்படி இல்லை. பின் பிரேக் டிரம்மும் ஸ்பிராக்கெட்டும் ஒரே வார்ப்பு. டிரம்மின் விளிம்பிலேயே 38 பல் வெட்டப்பட்டிருக்கும். பல் தேய்ந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும். டிரம் நன்றாக இருந்தாலும் சரி, டிரம்மையே மாற்ற வேண்டும். 36 பல் வேண்டும், 40 பல் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.

சரி, பின்னால் முடியாது, முன்னால் மாற்றலாமே? அங்கேதான் அடுத்த பூட்டு. ஜப்பான் வழி வந்த வண்டிகளில் முன் ஸ்பிராக்கெட் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கும். மூடியைக் கழற்றி, பூட்டுத் தகட்டின் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் முடிந்தது, டீ ஆறுவதற்குள் வேலை முடியும். பழைய புல்லட்டில் முன் ஸ்பிராக்கெட் கிளட்ச்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். முதலில் இடது பக்க பிரைமரி கவர் கழற்ற வேண்டும். நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டில் நிற்கும் அந்தப் புகழ்பெற்ற கவர்தான், ஆயில் கசிவதில் இதற்கு இணை கிடையாது. கவரைக் கழற்றினால் ஆயில் கொட்டும். அதற்குப் பிறகு மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், இரட்டைப் பல் பிரைமரி செயின், முழு கிளட்ச், உள்பக்கக் கேஸ் எல்லாம் வர வேண்டும். அதன் பிறகு தெரியும், தேய்ந்துபோன 16 பல். மறுபடியும் பூட்டும்போது கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்றால் வீட்டு வாசலில் தினமும் ஆயில் கோலம்.

இதன் விளைவு என்ன? செயினை மட்டும் மாற்றும் பழக்கம். இது புல்லட்டோடு நிற்கவில்லை, எல்லா வண்டிக்கும் தொற்றியது. "செயின்தானே போச்சு, ஸ்பிராக்கெட் இன்னும் ஓடும்" என்ற வார்த்தையைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்டுத் தலையாட்டியவர்கள் கொஞ்ச மாதத்தில் மறுபடியும் பணம் கொடுத்தார்கள்.

ஏன் என்று பார்க்க மறுபடியும் ஒரு கணக்கு. செயின் "இழுத்துப்போச்சு" என்பார்கள். உண்மையில் தகடுகள் ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு பின்னும் அதன் புஷ்ஷும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் தலைமுடி அளவு இடைவெளி கூடுகிறது. பழைய புல்லட் செயினின் பிட்ச், அதாவது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை உள்ள தூரம், 5/8 அங்குலம். மில்லிமீட்டரில் 15.875. (செயின் எண்ணின் முதல் இலக்கமே இதைச் சொல்லிவிடும். 428 என்றால் 4/8 அங்குலம், 520, 530 என்றால் 5/8 அங்குலம். பின்னால் வரும் இரண்டு இலக்கங்கள் அகலத்துக்கானவை.) 100 கண்ணி உள்ள ஒரு செயினை எடுத்துக்கொண்டால் மொத்த நீளம் 62.5 அங்குலம். 2 சதவீதம் தேய்ந்தால் ஒன்றே கால் அங்குலம் கூடும். ஒன்றே கால் அங்குலம் என்பது சரியாக 2 கண்ணி! உடனே "இரண்டு கண்ணியை வெட்டிட்டா பழையபடி ஆயிடும்" என்ற வைத்தியம் பிறந்தது. நீளம் பழையபடி ஆகும். ஆனால் ஒவ்வொரு கண்ணியும் 15.875-க்குப் பதிலாக 16.19 மில்லிமீட்டராகத்தானே இருக்கிறது? பல்லின் இடைவெளியோடு அது இனி ஒத்துப்போகாது. ரோலர் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறும், பல்லை ஒரு பக்கமாகச் சுரண்டும். நேராக இருந்த பல் சுறாவின் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் வளையும். அந்த வளைந்த பல்லில் புதுச் செயினைக் கொண்டுபோய் மாட்டினால், பழைய பல் புதுச் செயினைத் தன் வயதுக்கு இழுத்துவிடும். அதனால்தான் செயின், முன் பல், பின் பல் மூன்றையும் சேர்த்து "செயின் கிட்" என்று விற்கிறார்கள். வியாபாரத் தந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் வியாபாரிதான் சரி.

அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓடும் வண்டியில் அறுந்த செயின் சில நேரம் சாலையில் பாம்பு மாதிரி விழுந்து கிடக்கும், அது அதிர்ஷ்டம். சில நேரம் முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு இஞ்சின் கேஸை உடைக்கும், அல்லது பின்சக்கரத்தைப் பூட்டிவிடும். பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் பின்னால் மாநகரப் பேருந்து வரும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. செயினின் இரண்டு முனையை இணைக்கும் லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது அதனால்தான். மாற்றிப் போட்டால் ஏதாவது தட்டி கிளிப் திறந்துகொள்ளும். ஒரு ரூபாய் சமாச்சாரம் மாதிரி தெரியும் கிளிப் அது. வண்டி ஓடும்போது செயினில் எண்ணெய் விடுவது, துணியால் துடைப்பது இரண்டும் விரலைக் கொண்டுபோகும். இது எவ்வளவு சொன்னாலும் நடந்துகொண்டே இருக்கிறது.

துணி என்றதும் புடவை. பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போகும் பெண்களின் முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்திலும் செயினிலும் மாட்டி நடந்த விபத்துகள் எத்தனையோ. 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி இதற்காகவே இருக்கிறது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி மாட்டாதபடி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு. இதைத்தான் "சாரி கார்டு" என்கிறார்கள். அழகு போகிறது என்று முதலில் கழற்றி வீசப்படும் பாகமும் இதுதான்.

மறுபடியும் பல்லுக்கு. 16 பல் யாருக்காக? புல்லட் 350-க்கு சுமார் 18 குதிரைசக்தி, நாலு கியர், ஏறக்குறைய 160 கிலோவுக்கு மேல் எடை. பின்னால் ஒரு ஆள், பால் கேன், சில நேரம் சைடு கார். சைடு கார் மாட்டினால் இழுவை இன்னும் வேண்டும், பல் இன்னும் குறைய வேண்டும். ராணுவத்துக்கோ மலைப்பாதை. அந்தக் காலத்து சாலையில் 80-க்கு மேல் போக யாருக்கும் தேவை இல்லை. ஆகவே கம்பெனி இழுவைப் பக்கம் சாய்ந்தது நியாயம்தான். பிறகு 1990-களில் வந்த 500 சிசி வண்டிக்குக் கூடுதல் சக்தி இருந்ததால் 17 பல் கொடுத்தார்கள். வெளிநாட்டில் வாங்கியவர்கள் அதுவும் போதாது என்று 18 போட்டுக்கொண்டார்கள். இதற்கு நடுவில் டீசல் புல்லட் என்று ஒரு பிறவி. 325 சிசி, 6.5 குதிரைசக்தி, வயலில் பம்ப் ஓட்டும் ஜாதி இஞ்சின். அதிகபட்சமே 3600 சுற்று. அதை வைத்துக்கொண்டு வேகமும் வேண்டும் இழுவையும் வேண்டும் என்றால் எந்தப் பல் கணக்கும் கை கொடுக்காது. மைலேஜ் மட்டும் அள்ளிக் கொடுத்தது, அதற்காகவே இன்றும் அதைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

பல்லை வண்டிக்கு அல்ல, பாதைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மெட்ராஸில் முதலில் கண்டுகொண்டவர்கள் ரேஸ்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். நகரத்துக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. விமானத்துக்காகப் போட்ட நேர்க்கோட்டுத் தளம். அங்கே சின்ன முன் பல்லோடு வந்தவர் புறப்படும்போது எல்லோரையும் முந்துவார், பாதி தூரத்தில் இஞ்சின் கதறும், அதற்கு மேல் வேகம் இருக்காது. பெரிய பல்லோடு வந்தவர் மெதுவாகக் கிளம்பிக் கடைசியில் கடந்து போவார். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிஜமான பந்தயத் தடம் திறந்தது. அங்கே வளைவுகள் அதிகம், சோழவரத்துக் கணக்கு அங்கே செல்லாது.

தெற்குப் புறநகரின் சாதாரண ஆட்களுக்கு இந்தக் கவலை எல்லாம் வெகு தாமதமாகத்தான் வந்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் வந்ததிலிருந்து இந்தப் பக்கத்து வாழ்க்கை ரயிலை நம்பியது. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை சைக்கிள், அங்கிருந்து ரயில். குரோம்பேட்டையில் 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி.யில் ஆட்டோமொபைல் இஞ்சினியரிங் முதல் பாடப்பிரிவுகளில் ஒன்று என்றாலும், வெளியே தெருவில் மோட்டார் சைக்கிள் அபூர்வம்தான். 1984-இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி, 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று வரிசையாக வந்த பிறகுதான் ஸ்டேஷன் வாசல் சைக்கிள் ஸ்டாண்டுகளில் மோட்டார் சைக்கிள்கள் நிரம்பின. அந்தப் புது வண்டிகளில் ஒரு முக்கிய வித்தியாசம். பல் எண்ணிக்கையை ஓட்டுபவர் யோசிக்கவே வேண்டாம் என்று கம்பெனி நினைத்தது. சி.டி. 100-இல் செயின் முழுக்க மூடிய பெட்டிக்குள். புழுதி படாது, புடவை மாட்டாது, செயின் நெடுநாள் உழைக்கும். கணக்கு முழுவதும் மைலேஜுக்காகப் போடப்பட்டது. நல்ல விஷயம்தான். கண்ணுக்குத் தெரியாததால் செயினை மறந்துபோனதும் அப்போதுதான்.

மாற்றியே தீர வேண்டும் என்பவர்களுக்குத் தாம்பரம் ஒரு நல்ல சோதனைக்களம். தெற்கே போனால் பெருங்களத்தூர், வண்டலூர், செங்கல்பட்டு தாண்டித் திண்டிவனம் வரை தட்டையான நெடுஞ்சாலை. 17 பல் அங்கே சுகம். வடக்கே போனால் குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம். காலை ஒன்பது மணிக்கு முதல் கியரும் இரண்டாவது கியரும் தவிர வேறு கியர் தேவைப்படாத ஊர். அதே 17 பல் அங்கே பாதி கிளட்ச்சில் வண்டியை ஊர வைக்கும். கிளட்ச் பிளேட் தேயும், இடது கை வலிக்கும், மிச்சம் பிடித்த பெட்ரோல் அங்கேயே போகும். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள ஏற்காட்டுக்கும் 70 உள்ள கொல்லிமலைக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு போனால் 16-இன் அருமை தெரியும். தினமும் ஓட்டும் பாதை எது என்பதுதான் கேள்வி. வருடத்துக்கு இரண்டு முறை பாண்டிச்சேரி போவதற்காக 18 பல் போட்டு, மீதி 363 நாள் பல்லாவரத்தில் அவதிப்படுவது புத்திசாலித்தனம் இல்லை. ஆனால் நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள், "லாங் டிரைவ்" என்ற வார்த்தைக்கு அவ்வளவு கவர்ச்சி!

எதிர்ப்பக்கத்திலும் ஒரு எல்லை உண்டு. இழுவை வேண்டும் என்று முன் பல்லைக் குறைத்துக்கொண்டே போக முடியாது. பல் சக்கரம் பார்க்க வட்டம், ஆனால் செயினுக்கு அது பலகோணம். பல் குறைந்தால் கோணம் கூர்மையாகி, செயின் ஒவ்வொரு பல்லுக்கும் வேகம் கூடிக் குறைந்து குதிக்கும். 18 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 1.5 சதவீதம், 16-இல் 1.9, 12-இல் 3.4. அந்தக் குதிப்பு சத்தமாகவும் தேய்மானமாகவும் திரும்பி வரும்.

பல் இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதிலும் விஷயம் இருக்கிறது. செயினின் கண்ணிகள் எப்போதும் இரட்டைப்படை. முன் பல் 16 என்றால் குறிப்பிட்ட கண்ணிகள் குறிப்பிட்ட பற்களையே திரும்பத் திரும்பச் சந்திக்கும். 17 என்றால் எல்லாக் கண்ணியும் எல்லாப் பல்லையும் சந்திக்கும், தேய்மானம் சமமாகப் பரவும். புல்லட்காரர்கள் 17-ஐப் புகழும்போது இந்தக் காரணத்தைச் சொல்வதில்லை, ஆனால் இதுவும் ஒரு காரணம்தான்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் தண்ணீருக்குள் போனபோது, வாசலில் நின்ற வண்டிகளும் சேர்ந்து போயின. தண்ணீர் வடிந்த பிறகு எல்லோரும் இஞ்சினைத்தான் பார்த்தார்கள். ஆயில் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள். சேறு புகுந்த செயினை அப்படியே விட்டால் கண்ணிகள் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். நேராக நிற்க வேண்டிய செயின் அங்கங்கே மடிந்து நிற்கும். ரப்பர் வளையம் வைத்து கிரீஸை உள்ளேயே அடைத்த ஓ-ரிங் செயின் இதை ஓரளவு தாங்கும். பழைய திறந்த செயினுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து எண்ணெய் போட்டுப் பார்க்கலாம், இறுகிய கண்ணி இளகவில்லை என்றால் மாற்றுவதுதான் வழி.

அந்த முடிச்சூர் வழியாகவே மேற்கே போனால் படப்பை, அதைத் தாண்டி ஒரகடம். 2013-இல் ராயல் என்ஃபீல்டு அங்கே புதுத் தொழிற்சாலையைத் திறந்தது. 2017-இல் பக்கத்து வல்லம் வடகாலில் இன்னொன்று. யமஹாவும் 2015-இல் வல்லம் வடகாலுக்கு வந்தது. அறுபது வருடம் நகரத்தின் வடக்கு நுனியில் செய்யப்பட்ட புல்லட் தாம்பரத்தின் கொல்லைப்புறத்துக்கு வந்துவிட்டது. வண்டியும் மாறிவிட்டது. கிளட்ச்சும் கியர்பாக்ஸும் இஞ்சினோடு ஒரே கூட்டுக்குள் வந்தன, கியர் ஐந்தானது, முன் ஸ்பிராக்கெட்டைப் பார்க்கக் கிளட்ச்சைப் பிரிக்கும் அவசியம் போனது, பின் ஸ்பிராக்கெட் போல்ட் போட்ட தட்டானது.

பழைய இரும்பு புல்லட்டுகள் மட்டும் இன்னும் 38 பல் டிரம்மோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஸ்பேர் கடைகளில் அந்த டிரம் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பழைய வண்டி பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் கிளட்ச் வேலைக்காக பிரைமரி கவரைத் திறக்கும்போதே வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுகிறார்கள்: "எப்படியும் பிரிச்சாச்சு சார், உள்ள பல்லும் தேஞ்சிருக்கு. பதினாறே போடவா, பதினேழு போடவா?"